செயலி திறக்காத பத்து நிமிடங்கள்

மயிலாப்பூர் மாடவீதியை ஒட்டிய ஒரு பழைய வீட்டை எண்ணிப் பாருங்கள். இதய அறுவைச் சிகிச்சை முடிந்து மூன்றாம் வாரத்தில் இருக்கும் பெரியவர் நாற்காலியில் சாய்ந்து அமர்ந்திருக்கிறார். காலை பதினொரு மணிக்கு மருத்துவர் காணொளி வழியே அவரைப் பார்ப்பதாக ஏற்பாடு. அதற்காக மகள் தியாகராய நகரிலுள்ள தம் அலுவலகத்தில் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். பத்து ஐம்பதுக்குக் கைப்பேசியில் செயலியைத் தொடுகிறார். வெள்ளைத் திரை தோன்றி மறைகிறது. மீண்டும் தொடுகிறார், மீண்டும் அதே வெள்ளைத் திரை. உதவிக்கு வந்த பக்கத்து வீட்டு இளைஞர், "அன்இன்ஸ்டால் பண்ணிட்டு மறுபடியும் போட்டுப் பாருங்க அக்கா" என்கிறார். அவரும் அப்படியே செய்கிறார். புதிதாக இறங்கிய செயலி, பதிவு செய்த எண்ணுக்கு வந்துள்ள ஓடிபியைக் கேட்கிறது. அந்த எண்ணோ சிங்கப்பூரில் இருக்கும் தம்பியின் பழைய எண். பதினொன்று பத்துக்கு மருத்துவர் அடுத்த நோயாளியை அழைத்துவிடுகிறார்.

இது கற்பனைக் காட்சிதான். ஆயினும் வீட்டிலிருந்தே மருத்துவ ஆலோசனை பெறும் குடும்பங்களுக்கு இது புதிதன்று. அந்தப் பத்து நிமிடங்களை எவ்வாறு பயன்படுத்துவது என்பதே இவ்விதழின் பாடம்.

அலுவலகக் கூட்டங்களுக்கெனப் பிறந்த செயலிகள் நோயாளியின் படுக்கையருகே வந்து சேர்ந்தது 2020ஆம் ஆண்டில். அவ்வாண்டு மார்ச் 25ஆம் நாள், ஊரடங்கு தொடங்கிய அதே நாளில், தொலைமருத்துவ நடைமுறைக்கான வழிகாட்டு நெறிகள் நம் நாட்டில் வெளியாயின. ஏப்ரல் 13ஆம் நாள், மக்கள் வீட்டிலிருந்தபடியே அரசு மருத்துவரைக் காணும் இ-சஞ்சீவனி புறநோயாளர் சேவை தொடங்கிற்று. தொடக்க மாதங்களில் அதனை மிகுதியாகப் பயன்படுத்திய மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. டீம்ஸ், ஜூம், கூகுள் மீட் ஆகியவை அதே காலத்தில் வீடுதோறும் புகுந்தன. இன்று ஒரே மகள் ஒரே கைப்பேசியில் காலை ஒன்பது மணிக்கு அலுவலகக் கூட்டத்திலும், பதினொரு மணிக்குத் தந்தையின் மருத்துவரிடமும் பேசுகிறார். செயலி திறக்காவிட்டால் வேலையும் சிகிச்சையும் ஒருசேரத் தடைப்படுகின்றன.

நோவு எங்கே?

வயிற்றுவலி என்று வருபவருக்கு எந்த மருத்துவரும் உடனே கத்தியை எடுப்பதில்லை. எங்கே வலிக்கிறது, எப்போது தொடங்கியது என்று முதலில் கேட்கிறார். செயலிக்கும் அதே முறைதான். "திறக்கவில்லை" என்ற ஒரே சொல்லுக்குள் வெவ்வேறு நோய்கள் ஒளிந்திருக்கின்றன. பழுது உங்கள் கைப்பேசியில் இருக்கலாம், செயலியில் இருக்கலாம், வீட்டின் இணைய இணைப்பில் இருக்கலாம், உங்கள் கணக்கில் இருக்கலாம், அல்லது உங்களால் எட்டவே முடியாத தொலைவில், அந்நிறுவனத்தின் சேவைக் கணினிகளில் இருக்கலாம்.

இவற்றைப் பிரித்தறியக் கணினிக் கல்வி எதுவும் வேண்டுவதில்லை. வீட்டிலுள்ள இன்னொரு கைப்பேசியை எடுத்து, அதே வைஃபையில், அதே செயலியைத் திறந்து பாருங்கள். அதில் திறந்தால் குறை உங்கள் கைப்பேசியிலோ உங்கள் கணக்கிலோதான் இருக்கிறது. அதிலும் திறக்காவிட்டால், அந்தக் கைப்பேசியில் வைஃபையை அணைத்து, சிம் அட்டையின் மொபைல் டேட்டாவில் முயலுங்கள். இப்போது திறந்தால் பழுது வைஃபை இணைப்பில். இரண்டு கைப்பேசிகளிலும், இரண்டு வகை இணைப்பிலும் திறக்கவில்லையென்றால், பெரும்பாலும் நிறுவனத்தின் பக்கமே கோளாறு. நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. தொலைபேசியை எடுத்து மருத்துவமனையை அழைப்பதைத் தவிர.

இந்தக் கடைசி நிலை அரிதாகவே நேரும். ஆனால் நேரத்தான் செய்கிறது. 2022 அக்டோபர் 25, தீபாவளிக்கு மறுநாள். நண்பகல் கடந்த வேளையில் வாட்ஸ்அப் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முடங்கியது. 2021 அக்டோபர் 4ஆம் நாள் இரவு, ஃபேஸ்புக் நிறுவனத்தின் வலையமைப்பில் செய்யப்பட்ட ஒரு மாற்றம் பிழையாகிப்போக, வாட்ஸ்அப்பும் இன்ஸ்டாகிராமும் சேர்ந்து ஏறத்தாழ ஆறு மணி நேரம் உலகெங்கும் நின்றுபோயின. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த பழுதான புதுப்பிப்பொன்று, மைக்ரோசாஃப்டின் கணிப்புப்படி, ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. நம் நாட்டு விமான நிலையங்களில் பயணச் சீட்டுகளைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். இங்கிலாந்தில் பல குடும்ப மருத்துவர்கள் தங்கள் நோயாளிகளின் கணினிப் பதிவேட்டைத் திறக்க இயலாமல் தவித்தனர். அத்தகைய நாளில் தன் கைப்பேசியை நூறு முறை அணைத்து எழுப்பியவருக்குக் கிடைத்தது களைப்பு மட்டுமே. செயலியை நீக்கிவிட்டவர் நிலைமை அதனினும் மோசம்: சேவை மீண்டபின், மற்றவர்கள் பேசிக்கொண்டிருக்க, அவர் மட்டும் கடவுச்சொல்லைத் தேடிக்கொண்டிருந்திருப்பார்.

கைப்பேசியின் உள்ளே

குறை உங்கள் கைப்பேசியில்தான் என்று தெரிந்துவிட்டால், முதலில் செயலியை முழுமையாக மூடுங்கள். முகப்புத் திரைக்குத் திரும்புவது மூடுவதாகாது. செயலி பின்னால் உறைந்த நிலையிலேயே நிற்கும். அதன் சின்னத்தை அழுத்திப் பிடித்து, 'ஆப் இன்ஃபோ' பகுதிக்குள் சென்று, 'ஃபோர்ஸ் ஸ்டாப்' என்பதைத் தொட வேண்டும். பிறகு கைப்பேசியை அணைத்து மீண்டும் எழுப்புங்கள். இது கேலிக்குரிய அறிவுரைபோலத் தோன்றும். ஆனால் பல நாட்களாக அணைக்கப்படாத கைப்பேசியில் எண்ணற்ற செயலிகள் நினைவகத்தைப் பங்கிட்டுக்கொண்டிருக்கும். புதிதாக ஒன்று எழுந்து நிற்க இடமிராது. அணைத்து எழுப்பினால் அந்த இடம் காலியாகிறது.

அடுத்து, சேமிப்பிடம். மூத்த குடிமக்களின் கைப்பேசிகளில் இதுவே முதற்பகை என்று சொல்லத் தோன்றுகிறது. உறவினர் குழுக்களில் நாள்தோறும் வரும் காலை வணக்கப் படங்களும், திருவிழாக் காணொளிகளும் கேலரியில் குவிந்துகொண்டே போகின்றன. இடம் நிறைந்த கைப்பேசியில் செயலி திறந்த வேகத்தில் மூடிக்கொள்ளும், புதுப்பிப்பும் இறங்காது. அழிக்கும்போது நிதானம் தேவை. மருத்துவ அறிக்கைகளின் படங்களும் அதே குவியலில்தான் கிடக்கும். முன்னனுப்பப்பட்ட காணொளிகளை மட்டும் முதலில் நீக்குங்கள். அவையே மிகுதியான இடத்தை அடைப்பவை.

செயலி பழையதாகிவிட்டால் சில நேரம் திறக்க மறுக்கும். பிளே ஸ்டோரில் அதன் பெயரைத் தேடி 'அப்டேட்' என்று இருந்தால் தொடுங்கள். ஆனால் ஆலோசனைக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கைப்பேசியின் இயங்குதளத்தையே புதுப்பிக்கத் தொடங்காதீர்கள். அது முடிய அரை மணி நேரம்கூட ஆகலாம். கைப்பேசியே மிகப் பழையது என்றால் எந்தப் புதுப்பிப்பும் உதவாது. ஆண்ட்ராய்டு 4.4 கொண்ட கைப்பேசிகளில் வாட்ஸ்அப் 2025ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து இயங்குவதில்லை. வெளிநாட்டுப் பிள்ளைகளோடு பேச நம் பெற்றோர் பல்லாண்டு நம்பியிருந்த ஸ்கைப், 2025 மே 5ஆம் நாளோடு மூடப்பட்டுவிட்டது. அந்த நீலச் சின்னம் இன்னும் சில பழைய கணினிகளில் இருக்கிறது. அதைத் திறக்க முயல்வதில் பயனில்லை. அதற்கு மருந்து கிடையாது.

பலர் அறியாத ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். பல செயலிகள் தம் திரையை வரைய, கைப்பேசிக்குள் மறைந்திருக்கும் வேறொரு சிறு மென்பொருளை நம்பியுள்ளன. ஆண்ட்ராய்டில் அதன் பெயர் 'சிஸ்டம் வெப்வியூ'. 2021 மார்ச் மாதம் அதற்கு வந்த பழுதான புதுப்பிப்பு ஒன்றால், உலகெங்கும் ஜிமெயில் உள்ளிட்ட பல செயலிகள் திறந்தவுடன் மூடிக்கொண்டன. குற்றம் ஒன்றில், தண்டனை இன்னொன்றுக்கு. விண்டோஸ் மடிக்கணினியில் இயங்கும் புதிய டீம்ஸ் செயலியும் 'வெப்வியூ2' என்னும் இதே வகை மென்பொருளைச் சார்ந்தது. ஆகவே வெள்ளைத் திரை மட்டும் தோன்றி, வேறு சில செயலிகளும் அவ்வாறே தடுமாறினால், பிளே ஸ்டோரில் சிஸ்டம் வெப்வியூவையும் குரோமையும் புதுப்பித்துப் பாருங்கள்.

இவையனைத்தையும்விட விரைவான வழி ஒன்றுண்டு. மருத்துவமனை அனுப்பிய இணைப்பை, செயலியின்றி, குரோம் போன்ற உலாவியிலேயே திறப்பது. டீம்ஸ், ஜூம், மீட் ஆகிய மூன்றும் கணினியின் உலாவியில் திறக்கும். விருந்தினராகப் பெயரை மட்டும் கொடுத்து நுழையவும் பெரும்பாலும் இடமுண்டு. இ-சஞ்சீவனியையும் உலாவி வழியே பயன்படுத்தலாம். வீட்டில் மடிக்கணினி இருந்தால், கைப்பேசியோடு போராடுவதை நிறுத்திவிட்டு அதனைத் திறப்பதே அறிவுடைமை.

இணைப்பு என்னும் மாயை

செயலி திறக்கிறது, ஆனால் வட்டம் மட்டும் சுழன்றுகொண்டே இருக்கிறது. இது பெரும்பாலும் இணையத்தின் குறை. மேலே வைஃபைச் சின்னம் முழுமையாகத் தெரிவதால் இணையம் இருக்கிறது என்று நாம் எண்ணிவிடுகிறோம். அச்சின்னம் சொல்வது, சுவரில் மாட்டிய கருவி வரை கைப்பேசி எட்டியிருக்கிறது என்பதை மட்டுமே. அதற்கப்பால் கம்பி அறுந்திருந்தால் அதற்குத் தெரியாது. உண்மையறிய, இதுவரை திறந்திராத ஏதேனும் ஓர் இணையப் பக்கத்தை உலாவியில் திறந்து பாருங்கள். ஏற்கெனவே பார்த்த பக்கம் கைப்பேசியின் நினைவிலிருந்தே எழுந்து வந்து உங்களை ஏமாற்றக்கூடும்.

மருத்துவமனை, விடுதி, விமான நிலையம் முதலிய பொது இடங்களின் வைஃபையில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. இணைந்தவுடன் உலாவியில் ஒரு பக்கம் திறக்கும். அதில் கைப்பேசி எண்ணைக் கொடுத்து, விதிகளை ஏற்றுக்கொண்ட பின்னரே இணையம் வரும். அந்தப் பக்கத்தைப் பாராமல் நேரே செயலியைத் திறந்தால், அது முடிவின்றிச் சுழலும். வார்டில் துணையிருப்போர் பலர் இதில் சிக்குகின்றனர். வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவுக்கு மாறுவது எளிய தீர்வு. ஆயின் அதற்கும் ஓர் அளவுண்டு. நாளொன்றுக்கு 1.5 ஜிபி அல்லது 2 ஜிபி என்ற திட்டங்களில், அந்த அளவு தீர்ந்ததும் வேகம் 64 கிலோபிட்டுக்குக் குறைந்துவிடும். அந்த வேகத்தில் எழுத்துச் செய்தி தட்டுத்தடுமாறிப் போகும். மருத்துவரின் முகம் வராது. மாலையில் ஆலோசனை இருக்கும் நாளில், காலை முழுதும் காத்திருப்புக் கூடத்தில் காணொளி பார்ப்பதைத் தவிர்ப்பது நலம்.

நம் பகுதிகளின் இயல்பையும் கணக்கில் கொள்ள வேண்டும். மயிலாப்பூரின் பழைய வீடுகளில் சுவர்கள் தடிப்பானவை. நடு அறையில் அலைவரிசை நலிந்து, திண்ணையிலோ மாடியிலோ நன்றாகக் கிடைக்கும். மருத்துவமனைகளின் அடித்தளங்களிலும், கதிர்வீச்சுக்காகக் கனத்த கான்கிரீட் சுவர் எழுப்பிய பகுதிகளிலும் அலைவரிசை பெரும்பாலும் கிடைக்காது. அங்கே செயலியைப் பழிப்பதில் நியாயமில்லை. இரண்டு மாடி ஏறி வந்தால் போதும். பங்குனி மாதம் அறுபத்துமூவர் உலாவின்போது மாடவீதிகளிலும், தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் ரங்கநாதன் தெருவைச் சுற்றிலும், ஒரே கோபுரத்தின் அலைவரிசையைப் பல்லாயிரம் கைப்பேசிகள் பங்குபோட்டுக்கொள்கின்றன. அங்கே குடியிருப்போர் அந்நாட்களில் காலை நேர ஆலோசனையைக் கேட்டுப் பெறுவது நல்லது.

மழைக்காலம் இன்னும் கடுமையான ஆசிரியர். 2015 டிசம்பரில் அடையாற்றின் வெள்ளத்தையும், 2016 டிசம்பர் 12 அன்று வந்த வர்தா புயலையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் கொட்டிய மழையையும் கண்டவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மின்சாரம் போனபின் கைப்பேசிக் கோபுரங்களும் ஒன்றன்பின் ஒன்றாக அடங்கின. புயல் எச்சரிக்கை வந்தவுடனேயே, அவ்வாரத்தில் ஆலோசனை இருப்பின் முன்கூட்டியே பேசிவிடுங்கள். மருந்துச் சீட்டைக் கைப்பேசியில் மட்டும் வைத்திராமல், தாளிலும் எழுதி வையுங்கள்.

இன்னொரு சிறு குறிப்பு. கைப்பேசியிலோ மடிக்கணினியிலோ தேதியும் மணியும் பிழையாக இருந்தால் செயலி இணைய மறுக்கும். ஒவ்வொரு சேவைக் கணினியும் தன்னை மெய்ப்பிக்க ஒரு மின்சான்றிதழைக் காட்டுகிறது. அச்சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. உங்கள் கடிகாரம் 2019 என்று காட்டினால், இன்றைய சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை என்று கருவி முடிவு செய்துவிடும். நீண்ட நாள் மூடிவைத்த பழைய மடிக்கணினிகளில் இது நேர்வதுண்டு. தேதியைத் 'தானாக அமை' என்ற நிலையில் வைத்தால் சரியாகிவிடும்.

அலுவலகக் கணக்கும் அப்பாவின் மருத்துவரும்

துணையிருப்போர்க்கு மட்டுமான பகுதி இது. படுக்கையருகே அமர்ந்து அலுவலக வேலை பார்ப்போர் இன்று பலர். அவர்களுக்கு டீம்ஸ் திறக்காதபோது, காரணம் பெரும்பாலும் கணக்கில் இருக்கிறது. கடவுச்சொல்லின் காலம் முடிந்திருக்கலாம். வழக்கமில்லாத இடத்திலிருந்து நுழைவதால் அலுவலகத்தின் பாதுகாப்பு விதி தடுத்திருக்கலாம். அல்லது, நுழைவை உறுதிசெய்யும் 'ஆதென்டிகேட்டர்' செயலி வீட்டில் விட்டுவந்த கைப்பேசியில் இருக்கலாம். இந்நிலையில் கடவுச்சொல்லை ஊகித்து ஊகித்து அடிப்பது தவறு. சில முறை பிழையானால் கணக்கு பூட்டிக்கொள்ளும். அலுவலகத்தின் கணினி உதவிப் பிரிவுக்கு ஓர் அழைப்பு போதும். அந்த எண் மடிக்கணினிக்குள் மட்டும் இருந்து பயனில்லை. பணப்பையில் ஒரு தாளில் இருக்கட்டும். மருத்துவமனை வைஃபை அலுவலகத்தின் விபிஎன் இணைப்பை அனுமதிக்காதிருக்கவும் கூடும். உங்கள் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் முயலுங்கள்.

இதனினும் முக்கியமானது வேறொன்று. அலுவலக மடிக்கணினியிலும் அலுவலகக் கணக்கிலும் தந்தையின் மருத்துவரைச் சந்திக்காதீர்கள். வசதியாக இருக்கலாம், ஆனால் அலுவலகக் கருவியில் நடப்பதைக் கண்காணிக்கவும் பதிவுசெய்யவும் நிறுவனத்துக்கு வழியுண்டு. ஒருவரின் நோய் அவருடைய அந்தரங்கம். அவர் அறியாமல் அது உங்கள் நிறுவனத்தின் சேமிப்பில் போய்ச் சேர வேண்டியதில்லை. பொது வார்டிலிருந்து பேசும்போது அடுத்த கட்டிலில் இருப்பவர் திரையில் தெரியாதபடி பார்த்துக்கொள்வதும் இதே மரியாதையைச் சேர்ந்ததுதான்.

நீக்குவது ஏன் கடைசி?

'அன்இன்ஸ்டால்' என்னும் மருந்து சில நேரம் பலிக்கும். ஆகவேதான் எல்லாரும் அதைப் பரிந்துரைக்கிறார்கள். ஆனால் எல்லாச் செயலிகளும் ஒரே மாதிரி அமைந்தவையல்ல. டீம்ஸ், ஜூம், மீட் ஆகியவற்றில் உங்கள் செய்திகளும் சந்திப்புகளும் நிறுவனத்தின் கணினியில் இருக்கின்றன. செயலியை நீக்கி மீண்டும் பதித்து, கடவுச்சொல்லைக் கொடுத்தால் அவை திரும்பி வந்துவிடும். வாட்ஸ்அப்பில் நிலைமை வேறு. அங்கே பழைய உரையாடல்கள் உங்கள் கைப்பேசியில்தான் வாழ்கின்றன. காப்புப் பிரதி எடுத்து வைக்காமல் நீக்கினால், மருத்துவர் அனுப்பிய சீட்டும், பரிசோதனைக் கூடம் அனுப்பிய அறிக்கையும், ஆறு மாதமாகக் குறித்தனுப்பிய இரத்த அழுத்தக் கணக்கும் போய்விடக்கூடும். ஆதென்டிகேட்டரை நீக்குவது, வீட்டுச் சாவியை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டுவதற்கு ஒப்பாகும்.

'ஆப் இன்ஃபோ' பகுதியில் அருகருகே இரண்டு பொத்தான்கள் இருக்கும். 'கிளியர் கேச்' என்பது செயலி தற்காலிகமாகச் சேர்த்துவைத்த குப்பையை மட்டும் அகற்றும், அச்சமின்றிச் செய்யலாம். 'கிளியர் டேட்டா' அல்லது 'கிளியர் ஸ்டோரேஜ்' என்பது செயலியைப் புதிதாகப் பதித்த நிலைக்கே கொண்டுபோய்விடும். பதற்றத்தில் கண்ணாடி அணியாத கண்கள் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வது எளிது. நேரமும் காப்புப் பிரதியும் பதிவு எண்ணின் சிம் அட்டையும் கையில் இருந்தாலன்றி, ஆலோசனைக்கு முன் நீக்க வேண்டாம். ஆலோசனை முடிந்தபின் மாலையில் ஆற அமரச் செய்யலாம்.

பதற்றத்தில் நேரும் இன்னொரு பிழை பணத்தையே கொண்டுபோய்விடும். செயலியின் பெயரோடு 'கஸ்டமர் கேர்' என்று இணையத்தில் தேடி, கிடைத்த எண்ணை அழைப்பதே அது. மோசடிக்காரர்கள் போலி எண்களை இதற்கெனவே பரப்பி வைத்திருக்கிறார்கள். மறுமுனையில் பேசுபவர் மிக மரியாதையாகப் பேசுவார்; "சார், ஒரு சின்ன ஆப் போடுங்க, நாங்களே சரி பண்ணிடறோம்" என்பார். அந்தச் சிறு செயலி உங்கள் திரையை அவருக்குக் காட்டும். பிறகு வங்கியிலிருந்து வரும் ஓடிபி அவர் கண்ணுக்கும் தெரியும். மருத்துவமனை தந்த தாளிலுள்ள எண்ணைத் தவிர வேறெந்த எண்ணையும் இதற்காக அழைக்காதீர்கள். ஏமாந்துவிட்டதாக உணர்ந்தால் வெட்கப்படாமல் உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். விரைந்து சொல்லப்படும் புகாரில்தான் பணத்தை வழியிலேயே தடுக்க வாய்ப்பு மிகுதி.

ஐந்து நிமிடம் இருக்கையில்

பத்து நிமிடங்களில் முதல் ஐந்தை மேற்சொன்ன முயற்சிகளுக்குக் கொடுங்கள். மூடி, அணைத்து எழுப்பி, இணைப்பை மாற்றி, உலாவியில் திறந்து பார்த்தாயிற்று, இன்னும் திறக்கவில்லை. அத்துடன் நிறுத்திவிட்டு, மருத்துவமனையைச் சாதாரணத் தொலைபேசியில் அழையுங்கள். பலர் இதைச் செய்யத் தயங்குகிறார்கள். காணொளி இல்லாவிட்டால் ஆலோசனையே இல்லை என்று எண்ணிக்கொள்கிறார்கள். அது தவறு. 2020ஆம் ஆண்டின் வழிகாட்டு நெறிகள் காணொளி, குரல், எழுத்து ஆகிய மூன்று வழிகளையும் ஏற்கின்றன. குரல் மட்டும் போதுமா, முகத்தைக் கண்டே ஆகவேண்டுமா, நேரில் வரவேண்டுமா என்பதை முடிவு செய்பவர் மருத்துவர். அவர் முடிவு செய்ய, நீங்கள் அழைத்திருக்க வேண்டும்.

குரல் வழிப் பேச்சில் மருத்துவர் இழப்பது பார்வையை. அதை ஓரளவு ஈடுசெய்யலாம். தையலிட்ட இடத்தையோ கால் வீக்கத்தையோ பகல் வெளிச்சத்தில் படமெடுத்து, மருத்துவமனை சொன்ன வழியில் முன்னரே அனுப்பிவிடுங்கள். இரத்த அழுத்தம், சர்க்கரை, எடை, காய்ச்சல் ஆகியவற்றைத் தேதியோடு ஒரு தாளில் எழுதி வாசியுங்கள். "கொஞ்சம் வீக்கம்" என்பதைவிட, "நேற்று கணுக்காலில் இருந்தது, இன்று முழங்கால் வரை வந்திருக்கிறது" என்பது மருத்துவருக்கு அதிகம் சொல்லும்.

நோயாளி பேச இயலாத நிலையிலோ, உறங்கிக்கொண்டோ இருந்தால் துணையிருப்பவர் பேசலாமா என்ற ஐயம் எழும். நோயாளி உடனிருந்தால் தடையில்லை. உடனில்லாமல் அவர் சார்பில் நீங்கள் மட்டும் பேசுவதாயின், அவர் குழந்தையாகவோ தம் நிலையைச் சொல்ல இயலாதவராகவோ இருக்க வேண்டும். அல்லது கையொப்பமிட்ட ஒப்புதல் கடிதம் தந்திருக்க வேண்டும். அல்லது முன்பு நேரில் வந்தபோது உங்களை மருத்துவரிடம் தம் சார்பாளராக அறிமுகப்படுத்தியிருக்க வேண்டும். அடுத்த முறை நேரில் வரும்போது அந்த ஒரு வரிக் கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள்.

மார்பு வலி, மூச்சுத் திணறல், முகம் கோணுதல், கை கால் ஒரு பக்கம் தளர்தல், பேச்சுக் குழறல், நிற்காத இரத்தப் போக்கு, நினைவு மங்குதல்: இவற்றில் ஒன்று தோன்றினாலும் செயலியைப் பற்றிய பேச்சே வேண்டாம். திறந்திருந்தாலும் மூடிவிட்டு 108ஐ அழையுங்கள். காணொளி ஆலோசனைக்கு நேரம் குறித்தாயிற்றே, இன்னும் அரை மணிதானே என்று காத்திருப்பது கூடாது. அவசரமில்லாத பொது ஐயங்களுக்கு 104 என்ற அரசு உதவி எண்ணும், மனநல உதவிக்கு 14416 என்ற டெலி-மானஸ் எண்ணும் சாதாரண அழைப்பிலேயே கிடைக்கும். அவற்றுக்குச் செயலி எதுவும் தேவையில்லை.

முதல் நாள் மாலை கால் மணி நேரம் செலவிடுங்கள். நாளை எந்த இடத்தில் அமரப் போகிறீர்களோ அதே இடத்தில், எந்தக் கைப்பேசியில் பேசப் போகிறீர்களோ அதே கைப்பேசியில், செயலியைத் திறந்து, உறவினர் ஒருவரோடு காணொளியில் ஒரு நிமிடம் பேசிப் பாருங்கள். கேமராவுக்கும் மைக்குக்கும் அனுமதி கேட்டால் அப்போதே கொடுத்துவிடலாம். ஓடிபி யார் எண்ணுக்கு வருகிறது என்பதும் அப்போதே தெரிந்துவிடும். பதிவு எண் வெளிநாட்டுப் பிள்ளையுடையதாக இருந்தால், மருத்துவமனையில் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். பிறகு ஒரு தாளில் மருத்துவமனையின் தொலைபேசி எண், நோயாளியின் பதிவு எண், மருத்துவர் பெயர், தற்போது உட்கொள்ளும் மருந்துகள் ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் எழுதி, நாள்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.

சார்ஜரை மட்டும் மறந்துவிடாதீர்கள். காணொளி தொடங்கி மூன்றாம் நிமிடத்தில் அணைந்துபோகும் கைப்பேசிக்கு மேற்சொன்ன எதுவும் உதவாது.